முடியாது என்று சொல்லத் தெரிந்த டிரைவர்

ஒரு தெருவின் வீட்டு எண்கள் எக்செல் கோப்பில் வரிசையாக இருக்கின்றன. 1, 2, 3 என்று போய், 12-க்கு அடுத்து 12ஏ என்று ஒரு வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது முளைத்த எண். இந்தக் கோப்பை ஒரு நிரல் மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் டிரைவர் வழியாகத் திறந்து, எல்லா வீட்டு எண்களையும் கேட்டு ஒரு செலக்ட் கட்டளை கொடுக்கிறது. விடை வருகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. வரிகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. 12ஏ இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

எக்செல்லைக் குறை சொல்ல முடியாது. அதன் அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டமும் தன் வகையைத் தானே வைத்துக்கொள்கிறது. தரவுத்தள உலகின் வழக்கம் வேறு. அங்கே ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகைதான். எண் என்றால் கடைசி வரை எண், எழுத்து என்றால் கடைசி வரை எழுத்து. இரண்டுக்கும் இடையில் நிற்கும் டிரைவர், 'இந்த நெடுவரிசை இன்ன வகை' என்று நிரலுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காக அது மேலிருந்து எட்டு வரிகளைப் பார்க்கிறது. எட்டில் எந்த வகை அதிகமோ, அதுவே முழு நெடுவரிசையின் வகை. நம் தெருவில் முதல் எட்டு வீடுகளும் வெறும் எண்கள். ஆகவே நெடுவரிசை முழுவதும் எண்தான் என்று டிரைவர் முடிவு கட்டிவிடுகிறது. கீழே வரும் 12ஏ எண்ணாக மாறாது. மாறாததை 'நல்' என்று, அதாவது மதிப்பே இல்லை என்று கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

எட்டு என்பதை மாற்ற வழி உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'டைப் கெஸ் ரோஸ்' என்ற பெயரில் அந்த எண் இருக்கிறது. அதை 0 ஆக்கினால் 16,384 வரிகள் வரை பார்க்கும். இணைப்பு விவரத்தில் 'ஐமெக்ஸ்=1' என்று சேர்த்தால், பார்த்த வரிகளில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும்போது நெடுவரிசையை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கவனியுங்கள், பார்த்த வரிகளில் கலந்திருந்தால்தான். முதல் எட்டும் எண்ணாக இருந்தால் ஐமெக்ஸ் போட்டும் 12ஏ வராது. டிரைவரை அமைக்கும் சாளரத்தில் எத்தனை வரிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் பெட்டி ஒன்றும் இருந்தது. அதில் எந்த எண்ணைப் போட்டாலும் எக்செல் டிரைவர் எட்டைத்தான் பார்க்கும். அந்த அமைப்பு வேலை செய்யவில்லை என்பதை மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிக் கட்டுரையில் ஒப்புக்கொண்டது. நீளமான குறிப்புகளுக்கும் இதே கதிதான். முதல் எட்டு வரிகளில் குறிப்புகள் சின்னதாக இருந்தால் நெடுவரிசையின் அளவு 255 எழுத்துக்குறிகள் என்று தீர்மானமாகிவிடும். ஒன்பதாவது வரியில் ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் 255-க்கு மேல் வெட்டுப்படும்.

தரவுத்தள டிரைவர்களைப் பற்றி எனக்குள்ள ஒரே கவலையை இந்த வீட்டு எண் முழுதாகச் சொல்லிவிடும். டிரைவரால் செய்ய முடியாதது என்று சில எப்போதும் இருக்கும். 'என்னால் முடியாது' என்று அது வாய்விட்டுச் சொன்னால் நிரலாளர் வேறு வழி பார்ப்பார். சொல்லாமல், செய்துவிட்டதுபோல் ஒரு விடையைக் கொடுத்தால் அந்தத் தவறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

டிரைவர் என்பது ஒரு சிறிய மென்பொருள் நூலகம். நிரல் ஒரு பக்கம், தரவுத்தளம் மறுபக்கம். கம்பெனிக் காலத்துச் சென்னப்பட்டணத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர் நெசவாளருக்கும் நடுவில் நின்ற துபாஷியின் வேலைதான் அதற்கும். கேட்டதை அந்தப் பக்கத்து மொழியில் சொல்ல வேண்டும். வந்ததை இந்தப் பக்கத்து மொழியில் தர வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத சரக்கைக் கேட்டால் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் துபாஷியின் யோக்கியதை தெரியும்.

1980களில் ஒவ்வொரு தரவுத்தள நிறுவனமும் தனக்கென ஒரு வாசலை வைத்திருந்தது. ஆரக்கிளுக்காக எழுதிய நிரலை ஐ.பி.எம்.மின் டி.பி.2-க்குக் கொண்டுபோனால் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கட்டளைகளை எழுதும் எஸ்.க்யூ.எல். மொழிக்கு 1986-லேயே அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி ஒரு தரத்தை வகுத்துவிட்டது. மொழி பொதுவானாலும், அந்த மொழியில் எழுதிய கட்டளையை எப்படி அனுப்புவது, விடையை எப்படி வாங்குவது, பிழை வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் அவரவர் இஷ்டமாகவே இருந்தது. 1989-ல் பல நிறுவனங்கள் சேர்ந்து எஸ்.க்யூ.எல். ஆக்சஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கி, பொதுவான அழைப்பு முறை ஒன்றை வகுக்க முனைந்தன. அந்த முயற்சியை ஒட்டி 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓ.டி.பி.சி.யை வெளியிட்டது. இன்றும் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை வடிவமைத்தவர்கள் ஒரு கடினமான கேள்வியை எதிர்கொண்டார்கள். ஒரு பக்கம் ஆரக்கிள் போன்ற பெரிய தரவுத்தளங்கள். மறுபக்கம் டிபேஸ் கோப்புகள், எக்செல் தாள்கள், காற்புள்ளியிட்டு எழுதிய சாதாரண உரைக் கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் என்றால் எதை அனுமதிப்பது? எல்லாவற்றாலும் முடிந்ததை மட்டும் என்றால், உரைக் கோப்பின் ஏழ்மை ஆரக்கிளின் தலையிலும் ஏறிவிடும். பெரியவற்றால் முடிந்ததையெல்லாம் கட்டாயமாக்கினால் சிறிய கோப்புகளுக்கு யாராலும் டிரைவர் எழுத முடியாது. அவர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள். டிரைவர்கள் திறமையில் வேறுபடட்டும். ஆனால் ஒவ்வொரு டிரைவரும் தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும். என் பார்வையில் ஓ.டி.பி.சி.யில் உள்ள மிக நல்ல யோசனை இதுதான். கட்டளைகளை அனுப்பும் ஏற்பாட்டுக்குத் தரும் கவனத்தை நிரலாளர்கள் இதற்கும் தந்திருந்தால் எத்தனையோ இரவுக் கண்விழிப்புகள் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கேள்விகளைக் கேட்க மூன்று அழைப்புகள் இருக்கின்றன. 'எஸ்.க்யூ.எல்.கெட்ஃபங்ஷன்ஸ்' என்று கேட்டால், ஓ.டி.பி.சி.யின் எந்தெந்த அழைப்புகளை இந்த டிரைவர் ஏற்கிறது என்று தெரியும். 'எஸ்.க்யூ.எல்.கெட்டைப்இன்ஃபோ' தரவு வகைகளைச் சொல்லும். மூன்றாவதான 'எஸ்.க்யூ.எல்.கெட்இன்ஃபோ' ஒரு பெரிய வினாப்பட்டியல்: ஒரு கட்டளை எவ்வளவு நீளம் இருக்கலாம், அட்டவணைப் பெயருக்கு எத்தனை எழுத்து, அட்டவணைகளை எந்தெந்த வகையில் இணைக்கலாம், பரிவர்த்தனை உண்டா. இவற்றோடு, முடியாததைச் சொல்வதற்கென்றே தனிப் பிழைக் குறியீடுகளும் வகுக்கப்பட்டன. 'ஐ.எம்.001' வந்தால் அந்த அழைப்பே டிரைவரில் இல்லை. 'எச்.ஒய்.சி.00' வந்தால் அழைப்பு இருக்கிறது. நீங்கள் கேட்ட விருப்ப வசதியை இந்த டிரைவர் செய்து தரவில்லை. 1995-ல் இந்த அழைப்பு முறையின் அடிப்படைப் பகுதி சர்வதேச எஸ்.க்யூ.எல். தரத்திலும் இடம்பெற்றது.

கட்டளைகளுக்கும் ஒரு குறைந்தபட்ச இலக்கணம் எழுதப்பட்டது. அட்டவணை உருவாக்கும் கிரியேட் டேபிள், அழிக்கும் டிராப் டேபிள், தேடும் செலக்ட், சேர்க்கும் இன்செர்ட், திருத்தும் அப்டேட், நீக்கும் டெலீட் ஆகிய ஆறும் எந்த டிரைவரிலும் இருக்க வேண்டும். நடைமுறையில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த உரைக் கோப்பு டிரைவரே இதை எட்டவில்லை. அதில் அப்டேட்டும் கிடையாது, டெலீட்டும் கிடையாது. நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிளும் இல்லை, இண்டெக்ஸ் அமைக்கவும் முடியாது.

டிரைவர்களில் இரண்டு இனம் உண்டு என்பதைப் புரிந்துகொண்டால் இதன் காரணமும் விளங்கும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கான டிரைவர் கட்டளையைப் படித்து நிறைவேற்றுவதில்லை. பெரும்பாலும் அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. புரிந்துகொள்வது, வரியைத் தேடுவது, பூட்டுவது, எழுதுவது எல்லாம் அங்கே நடக்கும். கோப்புக்கான டிரைவருக்கு மறுபக்கத்தில் ஆளே இல்லை. வட்டில் ஒரு கோப்பு கிடக்கிறது, அவ்வளவுதான். கட்டளையைப் பிரித்துப் படிப்பதிலிருந்து எழுதி முடிப்பது வரை எல்லாம் டிரைவரின் தலையில்.

ஓர் உரைக் கோப்பின் நடுவில் 'மதுரை' என்று இருப்பதை 'இராமநாதபுரம்' என்று திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் வரிகள் ஒன்றை ஒன்று ஒட்டியபடி இருக்கின்றன. நீளமான பெயரை அந்த இடத்தில் எழுதினால் அது அடுத்த நெடுவரிசையின் மேல் ஏறும். எழுத வேண்டுமானால் அங்கிருந்து கோப்பின் கடைசி வரை எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும், அதாவது கோப்பையே புதிதாக எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இன்செர்ட் அப்படியில்லை, கடைசியில் ஒரு வரியை ஒட்டினால் போதும். அதனால்தான் உரை டிரைவர் சேர்க்க அனுமதிக்கிறது, திருத்தவும் நீக்கவும் மறுக்கிறது. மறுக்கும்போது, இணைத்த அட்டவணையிலிருந்து தரவை நீக்கும் வசதி இல்லை என்று தெளிவாகவே செய்தி தருகிறது. இது நேர்மையான மறுப்பு.

எக்செல் டிரைவர் நடுவில் நிற்கிறது. கட்டங்களில் இருப்பதைத் திருத்தும், புதிய வரி சேர்க்கும், வரியை நீக்க மட்டும் மறுக்கும். தாளில் ஒரு வரி போனால் கீழே உள்ளவை மேலேற வேண்டும். அவற்றைச் சுட்டும் சூத்திரங்கள் எல்லாம் மாற வேண்டும். அது எக்செல் நிரல் செய்யும் வேலை, டிரைவர் செய்யக்கூடியதல்ல. டிராப் டேபிளில்தான் எக்செல் டிரைவர் என்னை வியக்க வைக்கிறது. ஒரு தாளை அழி என்று சொன்னால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத் தாளின் பெயரை அப்படியே விட்டுவிடுகிறது. அடுத்து அதே பெயரில் கிரியேட் டேபிள் கொடுத்தால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கிறது. தினமும் இரவு தாளை அழித்துப் புதிதாக எழுதும் நிரல் முதல் நாள் ஓடும், இரண்டாம் நாள் நின்றுவிடும். ஆவணத்தில் இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கட்டளை ஏற்கப்படுகிறது என்ற ஒரு வரியோடு படிப்பதை நிறுத்துபவர் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை.

உரை டிரைவருக்கு வீட்டு எண் சிக்கலிலிருந்து தப்ப நல்ல வழி ஒன்று உண்டு. கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் 'ஸ்கீமா.ஐ.என்.ஐ' என்ற சிறு கோப்பை வைத்து, எந்த நெடுவரிசை என்ன வகை, எவ்வளவு நீளம், எந்தக் குறியால் பிரிக்கப்பட்டது என்று எழுதிவிட்டால் டிரைவர் ஊகிக்காது. சொன்னதை எடுத்துக்கொள்ளும். எக்செல் தாளுக்கு அப்படி எழுதிவைக்க இடமில்லை. முக்கியமான தரவை டிரைவர் வழியாகப் படிப்பவர்கள் தாளைக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்து, ஸ்கீமா கோப்போடு உரை டிரைவரில் படிப்பது பாதுகாப்பானது.

இனி சர்வர் உள்ள பெரிய தரவுத்தளங்களுக்கு வருவோம். அங்கே டிரைவர் கட்டளையை அப்படியே அனுப்புகிறது என்றால் வரம்பு ஏது என்று தோன்றும். முதலில் பரிவர்த்தனை. பல கட்டளைகளை ஒரு கட்டாகக் கட்டி, எல்லாம் நடக்கட்டும் அல்லது எதுவும் நடக்க வேண்டாம் என்று சொல்வது அது. உன்னால் முடியுமா என்று கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டு விடைதானே இருக்க வேண்டும்? ஓ.டி.பி.சி.யில் ஐந்து விடைகள் இருக்கின்றன. பரிவர்த்தனையே இல்லை என்பது ஒன்று. தரவைச் சேர்ப்பது, திருத்துவது, அட்டவணை உருவாக்குவது எல்லாவற்றையும் கட்டலாம், எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம் என்பது மற்றொன்று. மீதி மூன்றும் கட்டுக்குள் அட்டவணை உருவாக்கும் கட்டளை வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை. பிழை வரும், அல்லது அந்தக் கட்டளை கண்டுகொள்ளப்படாது, அல்லது அந்தக் கட்டளை வந்த கணமே அதுவரை செய்தது எல்லாம் நிரந்தரமாகிவிடும்.

கடைசியாகச் சொன்னது ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் அன்றாடம் நடப்பது. ஒரு நிரல் பரிவர்த்தனையைத் தொடங்குகிறது. ஒரு கணக்கில் பணத்தைக் குறைக்கிறது. அடுத்து, அந்த மாதத்துக்கான பதிவு அட்டவணை இல்லையென்று கண்டு கிரியேட் டேபிள் கொடுக்கிறது. பிறகு மறு கணக்கில் பணத்தைக் கூட்டும்போது பிழை. ரோல்பேக் என்று சொல்கிறது, டிரைவரும் சரி என்கிறது. ஆனால் குறைத்த பணம் குறைத்தபடியே இருக்கும். நடுவில் வந்த கிரியேட் டேபிள் முதல் கட்டளையை உறுதி செய்து முடித்துவிட்டது. திரும்பப் பெற அங்கே எதுவும் மீதி இல்லை. இதே நிரலை போஸ்ட்கிரெஸ்ஸில் ஓட்டினால் பணமும் திரும்பும், உருவாக்கிய அட்டவணையும் மறையும். டிரைவரை முன்பே கேட்டிருந்தால் இரண்டு இடத்திலும் வெவ்வேறு விடை வந்திருக்கும். ஜாவா உலகத்தின் ஜே.டி.பி.சி. 1997-ல் வந்தபோது இந்த ஐந்து விடைகளையும் ஆம்-இல்லைக் கேள்விகளாக்கித் தன் 'டேட்டாபேஸ் மெட்டாடேட்டா'வுக்குள் வைத்துக்கொண்டது. முடியாத வசதிக்கென்று தனியே ஒரு பிழை வகை ஜே.டி.பி.சி.யில் வந்தது 2006-ன் ஜாவா 6-ல்தான்.

அடுத்தது கேள்விக்குறி. கட்டளைக்குள் மதிப்புகளை நேரடியாக ஒட்டி எழுதினால் களவாளிகளுக்குக் கதவு திறந்ததாகிவிடும். ஆகவே மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்கிறோம். எல்லோரும் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் ஒரு கட்டளையில் எத்தனை கேள்விக்குறி போடலாம்? மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் 2,100. போஸ்ட்கிரெஸ்ஸில் 65,535, டிரைவரும் சர்வரும் பேசும் நெறிமுறையில் இந்த எண்ணிக்கைக்கு இரண்டு பைட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால் அதற்கு மேல் எழுதவே இடமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் ஜாவா டிரைவர் அந்த இரண்டு பைட்டில் ஒரு பிட்டைக் குறை எண்ணுக்காக ஒதுக்கி, வெகுகாலம் 32,767-லேயே நின்றிருந்தது. எஸ்க்யூலைட்டில் 2020 வரை 999, பிறகு 32,766. ஆரக்கிளில் 'இன்' என்ற சொல்லுக்குப் பின் தரும் பட்டியலில் ஆயிரத்துக்கு மேல் போனால் நெடுங்காலம் பிழைதான் வந்தது. சோதனையின்போது நூறு வாடிக்கையாளர் எண்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள், ஓடும். தீபாவளி விற்பனையில் ஒரே கட்டில் 2,101 வரும்போது நிரல் நிற்கும். பட்டியலைத் துண்டு துண்டாக அனுப்பலாம். அல்லது தற்காலிக அட்டவணையில் எழுதி இணைத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் வரம்பு தெரிந்தால்தான் செய்ய முடியும்.

கேள்விக்குறியின் இன்னொரு வம்பு, அந்தக் குறிக்கு வேறு பொருளும் இருப்பது. போஸ்ட்கிரெஸ்ஸின் ஜேசன்-பி வகையில், ஒரு பெயர் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்கும் செயற்குறியும் கேள்விக்குறியேதான். சர்வரின் முனையில் நேரடியாக அடித்தால் கட்டளை ஓடுகிறது. ஜாவா நிரலிலிருந்து அனுப்பினால் ஒரு மதிப்பு குறைகிறது என்று டிரைவர் சொல்கிறது. அங்கே அடுத்தடுத்து இரண்டு கேள்விக்குறி போட வேண்டும். டிரைவர் அதை ஒன்றாக்கி அனுப்பும். அட்டவணையின் பெயரையும் நெடுவரிசையின் பெயரையும் கேள்விக்குறியால் தர முடியாது என்பதும் பலர் தடுக்கி விழும் இடம். கட்டளையை முன்கூட்டியே அலசி வைக்கும்போது எந்த அட்டவணை என்று சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பை மட்டுமே பிறகு தரலாம்.

இன்னும் சத்தமில்லாமல் கடிப்பது நினைவகம். ஒரு கோடி வரி உள்ள அட்டவணையை ஒவ்வொரு வரியாக எடுத்து ஒரு கோப்பில் எழுதும் நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். நிரலாளர் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் கேட்கிறார். ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸின் ஜாவா டிரைவரும் மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவரும் இயல்பான நிலையில் கோடி வரியையும் முதலில் நிரலின் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தருகின்றன. நினைவகம் நிரம்பி நிரல் சாகும். போஸ்ட்கிரெஸ் டிரைவரில், ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிரந்தரமாக்கும் தானியங்கி உறுதியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் எத்தனை வரி என்று ஓர் எண்ணையும் கொடுத்தால் பகுதி பகுதியாக எடுக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை. எண்ணைப் பணிவாக வாங்கிக்கொண்டு மொத்தத்தையும் அள்ளிவரும். மைஎஸ்க்யூஎல் டிரைவரில் வரி வரியாகப் பெற, அந்த எண்ணாக -2147483648 என்று கொடுக்க வேண்டும். ஜாவாவின் மிகச் சிறிய முழு எண் அது. ஆவணத்தைப் படிக்காமல் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒரு வசதியை ஒளித்து வைப்பது நல்ல வடிவமைப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில வரம்புகள் உண்டு. 'தமிழ்நாடு' என்ற பெயரில் நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் ஒன்பது குறிகள், ஏனென்றால் மி, ழ், நா, டு ஒவ்வொன்றிலும் மெய்யின் குறியும் அதோடு சேரும் குறியும் தனித்தனி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 27 பைட். ஆரக்கிளில் நெடுவரிசையின் அளவை 20 என்று எழுதினால், வேறு எதுவும் குறிப்பிடாதவரை அது 20 பைட். ஐந்தெழுத்துப் பெயர் அதில் நுழையாது. இங்கே நல்ல வேளையாகப் பிழை வரும். கேட்ட அளவு, கொடுத்த அளவு இரண்டையும் சொல்லியே வரும்.

பிழை வராத இடம் ஒன்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் ஓ.டி.பி.சி. டிரைவரும் மைஎஸ்க்யூஎல்லின் ஓ.டி.பி.சி. டிரைவரும் விண்டோஸில் இரண்டு வடிவங்களில் நிறுவப்படும்: பழைய எழுத்துத் தொகுப்புகளில் பேசும் 'ஆன்சி', யூனிகோடு. பட்டியலில் ஆன்சிதான் மேலே தெரிகிறது என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். விண்டோஸில் ரஷ்ய மொழிக்கும் அரபுக்கும் பழைய ஆன்சி எழுத்துத் தொகுப்புகள் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒன்று வகுக்கப்படவே இல்லை. தமிழ் அங்கே நுழைந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆகவே வழக்கமான அமைப்பில் ஆன்சி பாதைக்குள் போகும் தமிழ்ப் பெயரின் குறிகள் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிவிடக்கூடும். கட்டளை வெற்றி என்றே திரும்பும். அட்டவணையில் உட்கார்ந்த கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க வழியே கிடையாது.

மைஎஸ்க்யூஎல்லில் வேறொரு பொறி. அங்கே 'யூ.டி.எஃப்8' என்ற பெயரில் வெகுகாலம் இருந்தது ஒரு குறிக்கு மூன்று பைட் மட்டுமே தரும் குறைந்த வடிவம். முழு வடிவமான 'யூ.டி.எஃப்8.எம்பி4' 2010-ல் 5.5 வரிசையில் வந்தது. தமிழுக்கு மூன்று பைட் போதுமே என்று நினைக்கலாம். நாம் அன்றாடம் எழுதும் எழுத்துகளுக்குப் போதும். ஆனால் முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-ல் வந்த யூனிகோடு 12-ல் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அந்தத் தொகுதி யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரு குறிக்கு நான்கு பைட். ஓலைச்சுவடியிலோ பழைய நிலக் கணக்கிலோ இருக்கும் பின்னத்தை அப்படியே மூன்று பைட் நெடுவரிசையில் எழுதினால், கண்டிப்பான நிலையில் உள்ள சர்வர் பிழை சொல்லி நிறுத்தும். கண்டிப்புத் தளர்ந்த பழைய அமைப்புகள் அந்தக் குறி வரும் இடத்திலேயே வாக்கியத்தை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகும். அந்த எச்சரிக்கையைக் கேட்டு வாங்கும் நிரல்கள் மிகக் குறைவு. அட்டவணையை மட்டும் முழு வடிவத்துக்கு மாற்றினால் போதாது. டிரைவர் தொடங்கும் இணைப்பும் அதே வடிவத்தில் பேச வேண்டும்.

சோதனைக்கு ஒரு தரவுத்தளம், நடைமுறைக்கு வேறு தரவுத்தளம் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. நிரலாளரின் மடிக்கணினியில் எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் அல்லது எஸ்.க்யூ.எல். சர்வர். வேகமாகச் சோதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எஸ்க்யூலைட்டில் நெடுவரிசையை நீக்கும் கட்டளையே 2021-ல்தான் வந்தது. அட்டவணைகளை இணைக்கும் ரைட் ஜாயினும் ஃபுல் ஜாயினும் 2022-ல். எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்தைக் கொடுத்தாலும் அது வழக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். இங்கே ஓடியது அங்கே ஓடாது, அங்கே தடுக்கப்படுவது இங்கே தடுக்கப்படாது. இணைப்பு கிடைத்ததும் முதல் வேலையாகச் சில சோதனைகளை நடைமுறைச் சர்வரின் டிரைவரிலேயே ஓட்டிவிடலாம். பரிவர்த்தனைக்கு ஐந்தில் எந்த விடை என்று கேட்டுப் பார்ப்பது, வரம்புக்கு ஒன்று கூடுதலாகக் கேள்விக்குறிகள் போட்டு அனுப்புவது, 'தமிழ்நாடு' என்ற பெயரையும் ஒரு முந்திரிக் குறியையும் எழுதித் திரும்ப வாங்கி அனுப்பியதோடு பைட் பைட்டாக ஒப்பிடுவது, எண்களுக்கு நடுவே 12ஏ-யைப் பத்தாவது வரிக்குக் கீழே ஒளித்து வைத்து அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. டிரைவரின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் இவற்றைத் திரும்ப ஓட்ட வேண்டும்.